குமிழி சிறுத்தால் தண்ணீர் மூச்சு விடும்

பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் குழாயை முழுதாகத் திறந்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்தால், சில நாள் அது நீர்மோர் போல வெளுத்து வரும். குளோரின் என்பார்கள், சுண்ணாம்பு என்பார்கள். டம்ளரைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். சுண்ணாம்பாக இருந்தால் அடியில் படிய வேண்டும், மேலே தெளிய வேண்டும். இங்கே நேர்மாறாக அடியில்தான் முதலில் தெளிகிறது. தெளிவுக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கும் கோடு மெல்ல மேலேறி, ஒரு நிமிடம் போல ஆனதும் மேல்மட்டத்தைத் தொட்டுக் காணாமல் போகிறது. அந்த வெள்ளை முழுவதும் காற்று. தனித்தனியாகக் கண்ணுக்குப் பிடிபடாத அளவுக்குப் பொடிப்பொடியான குமிழிகள்.

அந்த ஒரு நிமிடத்தை வைத்தே குமிழியின் அளவைச் சொல்லிவிடலாம். 10 செ.மீ. உயரத் தண்ணீரைக் கடக்க 60 நொடி ஆனது என்றால், நொடிக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். திரவத்துக்குள் ஒரு சின்ன உருண்டை எவ்வளவு வேகமாக நகரும் என்று சொல்லும், பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்டோக்ஸ் விதியில் இந்த வேகத்தைப் போட்டால், குமிழியின் விட்டம் ஏறக்குறைய 50 மைக்ரான் என்று வருகிறது. ஒரு மில்லிமீட்டரை இருபது துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. தலைமுடியின் பருமனை ஒட்டிய அளவு. இதே தண்ணீரில் மீன்தொட்டிக் குமிழி ஒன்றை விட்டிருந்தால் அரை நொடியில் மேலே வந்து வெடித்துப் போயிருக்கும். இந்த இரண்டு குமிழிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை. இறால் பண்ணை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மருந்துத் தொழிற்சாலை என்று தண்ணீருக்குள் காற்றை அனுப்பும் எந்த வேலையிலும் செலவை முடிவு செய்வது பெரும்பாலும் குமிழியின் அளவுதான்.

தண்ணீருக்கு ஏன் மூச்சு முட்டுகிறது

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்குச் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் 30 டிகிரிக்குச் சூடான நல்ல தண்ணீர் ஒரு லிட்டரில், காற்றோடு சேர்ந்து எவ்வளவு நேரம் இருந்தாலும், கரையக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான். மீனுக்கும் இறாலுக்கும் கிடைக்கும் மூச்சு நமக்குக் கிடைப்பதில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. தண்ணீர் குளிர்ந்திருந்தால் கொஞ்சம் தேவலாம்: 20 டிகிரியில் 9.1, உறையும் நிலையில் 14.6. உப்பு ஏறினால் இன்னும் குறையும்: அதே 30 டிகிரியில் கடல் தண்ணீர் 6.2 வரைதான் தாங்கும். வெயிலும் உப்பும் சேர்ந்த கடற்கரையில் இறால் வளர்ப்பவர்களுக்கு இயற்கை கொடுத்திருக்கும் கையிருப்பு மிகச் சின்னது.

வேதாரண்யம் பக்கம் என் சித்தப்பா வன்னாமி இறால் வளர்த்த காலத்தில், விடுமுறைக்குப் போனால் விடியற்காலை நான்கு மணிக்கு, கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மீட்டரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு குட்டைக் கரையைச் சுற்றுவது என் வேலை. சாயங்காலம் 8, 9 என்று காட்டிய மீட்டர் அந்த நேரத்தில் 3-ஐ நெருங்கும். தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி பகலில் ஆக்சிஜன் தரும். இருட்டியதும் அதுவே இறாலோடும் அடிச்சேற்றுக் கிருமிகளோடும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கத் தொடங்கிவிடும். சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் கணக்கு மிக மோசமாக இருக்கும். டார்ச்சைத் தண்ணீர் மேல் அடித்தால், அடியில் இருக்க வேண்டிய இறால் மேல்மட்டத்தில் மிதந்து கரையோரம் ஒதுங்கியிருக்கும். கண்கள் இரண்டும் செம்பொட்டுப் போலத் திருப்பி மின்னும். "டி.ஓ. விழுந்துடுச்சுப்பா, ஏரேட்டரப் போடச் சொல்லு" என்று சித்தப்பா கத்துவார். கரைந்த ஆக்சிஜனுக்குப் பண்ணைகளில் டி.ஓ. என்றுதான் பெயர், தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவிக்கு ஏரேட்டர். நூறு நாள் உழைப்பு, வாங்கிய கடன், எல்லாம் அந்த ஓர் எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கும்.

மேலே அவ்வளவு காற்று இருக்கிறதே, தானாகக் கரையாதா? கரையும். ஆனால் அது போய்ச் சேரும் வேகம் நம்மைக் காப்பாற்றாது. அசையாத தண்ணீரில் ஆக்சிஜன் மூலக்கூறு தானாக ஒரு சென்டிமீட்டர் ஊடுருவச் சுமார் 7 மணி நேரம் ஆகும். தூரம் நூறு மடங்கானால் நேரம் பத்தாயிரம் மடங்காகும் என்பது இந்த ஊடுருவலின் இயல்பு. அந்தக் கணக்கில் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போக 8 வருடம். காற்றில் இதே பயணம் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு விரைவு. அதனால் இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. தண்ணீரைக் கலக்கி மேல்மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது காற்றைத் தண்ணீருக்குள் கொண்டுபோக வேண்டும். குமிழி இரண்டாவது வழி.

குமிழியின் தோலில் நடப்பது

காற்றும் தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டும்தான் வாயு கைமாறும். குமிழிக்குள் எவ்வளவு காற்று இருந்தாலும், வெளியே போக வழி அதன் தோல்தான். கைமாறும் வேகத்தை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: தோலின் மொத்தப் பரப்பு, அந்தத் தோலைத் தாண்டுவது எவ்வளவு சுலபம், தண்ணீருக்கு எவ்வளவு பசி. மூன்றையும் பெருக்கினால் வேகம். முதல் இரண்டையும் சேர்த்துப் பொறியாளர்கள் கே-எல்-ஏ என்று ஒரே எண்ணாகச் சொல்வார்கள். கிருமிகளை வளர்க்கும் நொதிகலன் வைத்திருக்கும் எந்த மருந்துத் தொழிற்சாலையிலும் இது அன்றாடப் பேச்சு.

பசியை முதலில் முடித்துவிடலாம். தண்ணீரால் கரைத்துக்கொள்ள முடிந்த உச்ச அளவுக்கும் இப்போது இருக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளிதான் பசி. ஏழரை தாங்கும் தண்ணீரில் 3 இருந்தால் நன்றாக இழுத்துக்கொள்ளும். 7 இருந்தால் முகம் திருப்பும். நடுமதியத்தில் பாசியின் தயவால் 10 இருந்தால், அப்போது ஏரேட்டரைப் போடுவது ஆக்சிஜனை வெளியே துரத்தும் வேலை. உச்ச அளவு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது ஹென்றி விதி: வாயுவின் அழுத்தம் கூடினால் கரைவதும் அதே விகிதத்தில் கூடும். வில்லியம் ஹென்றி இதை 1803-இல் சொன்னார். சோடா பாட்டில் மூடியைத் திறந்ததும் பொங்குவது இந்த விதியால்தான்.

இப்போது பரப்புக்கு வருவோம். ஒரு லிட்டர் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 1 செ.மீ. விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் எல்லாத் தோலையும் உரித்துப் பரப்பியது போல 0.6 சதுர மீட்டர். ஒரு சின்ன மேசையின் மேல்பரப்பு. 1 மி.மீ. குமிழிகளாக உடைத்தால் 6 சதுர மீட்டர். 100 மைக்ரானுக்குப் போனால் 60. 10 மைக்ரானுக்குப் போனால் 600 சதுர மீட்டர், கால் கிரவுண்டு நிலத்தை விடப் பத்து மடங்குக்கும் மேல். அதே ஒரு லிட்டர் காற்றுதான். விட்டம் பத்தில் ஒன்றாகச் சிறுத்தால் பரப்பு பத்து மடங்கு பெருகுகிறது. வெல்லக்கட்டியை அப்படியே போடுவதற்கும் தட்டிப் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காபி போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பரப்பு மட்டும் இல்லை, நேரமும் சேர்ந்துகொள்கிறது. 3 மி.மீ. குமிழி ஒரு மீட்டர் ஆழத்தை நான்கைந்து நொடியில் ஏறிவிடும். 100 மைக்ரான் குமிழிக்கு இரண்டரை, மூன்று நிமிடம். நம் டம்ளரில் பார்த்த 50 மைக்ரானுக்குப் பத்து நிமிடம். 10 மைக்ரான் குமிழி நான்கு மணி நேரம் தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவ்வளவு நேரம் இருந்தால் பாதி வழியிலேயே முழுவதும் கரைந்து காணாமல் போவதும் உண்டு.

மூன்றாவதாக ஒரு சின்னத் தள்ளுதல். தண்ணீரின் பரப்பு இழுவிசை குமிழியைச் சுற்றி இறுக்கமான தோல் போல அழுத்துகிறது. குமிழி சிறுக்கச் சிறுக்க இறுக்கம் கூடும். 1 மி.மீ. குமிழியில் இந்தக் கூடுதல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் மூன்று பங்குதான், கணக்கில் எடுக்க வேண்டாம். 10 மைக்ரானில் ஏறக்குறைய 0.3 மடங்கு. 1 மைக்ரானில் கிட்டத்தட்ட 3 மடங்கு. ஹென்றி விதியை நினைவில் வைத்துப் பாருங்கள்: உள்ளே அழுத்தம் கூடினால் வாயு வெளியேறிக் கரையத் துடிக்கும். கரையக் கரையக் குமிழி சிறுக்கும், சிறுக்கச் சிறுக்க அழுத்தம் இன்னும் கூடும். கடைசிக் கட்டத்தில் தன்னைத் தானே விழுங்குவது போல மறைந்துவிடும்.

எல்லாம் சின்னதுக்கே சாதகமாகச் சொல்லிக்கொண்டு போவது நேர்மையாகாது. தோலைத் தாண்டும் சுலபம் என்று ஒன்று சொன்னேனே, அதில் பெரிய குமிழிதான் முன்னால் நிற்கிறது. இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குமிழி நெளிந்து குலுங்கி ஏறும். அதன் தோல் ஓரிடத்தில் நிற்காமல் புதுத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நுண்குமிழி விறைத்த கண்ணாடிக் குண்டு போல மெல்ல ஊர்வதால், ஒரே அளவு பரப்பில் அது கைமாற்றும் வேகம் மூன்று நான்கு மடங்கு குறைவு. ஆனாலும் பரப்பு முப்பது, நாற்பது மடங்கு கூடும்போது இந்த நஷ்டம் அடிபட்டுப் போகிறது.

துளையைச் சின்னதாக்கினால் போதாதா?

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தண்ணீருக்கு அடியில் ஒரு துளையிலிருந்து காற்று வரும்போது, குமிழி துளையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பலூன் போல ஊதும். விளிம்பைப் பிடித்திருக்கும் பரப்பு இழுவிசையை மிதப்பு விசை தோற்கடிக்கும்வரை அது கழன்று வராது. மெதுவாக ஊதினால் 1 மி.மீ. துளையிலிருந்து மூன்றரை மி.மீ. குமிழி வரும். துளையைப் பத்தில் ஒன்றாக்கி 0.1 மி.மீ. ஆக்கினால் குமிழி 1.6 மி.மீ. இன்னும் பத்தில் ஒன்றாக்கி 10 மைக்ரான் துளை போட்டால், முக்கால் மி.மீ. குமிழி. துளை நூறு மடங்கு சிறுத்தும் குமிழி ஐந்தில் ஒரு பங்குதான் ஆகியிருக்கிறது! அந்த மாதிரித் துளைகள் வழியாகக் காற்றைத் தள்ள அழுத்தம் வேறு வேண்டும், பாசியும் பிசுக்கும் அடைத்துக்கொள்ளும் தொல்லை வேறு.

அப்புறம், பிறந்த குமிழிகள் சின்னதாகவே இருந்துவிடுவதும் இல்லை. பக்கத்தில் இருப்பவை மோதி ஒன்றாகிவிடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஏர் ஸ்டோன் ஒன்றும் சின்னப் பம்பும் போதும். ஒரு ஜாடியில் சாதாரணத் தண்ணீர், இன்னொன்றில் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு கரைத்த தண்ணீர். முதல் ஜாடியில் கல்லை விட்டால் முத்து முத்தாகக் குமிழிகள் நேராக மேலே ஓடும், தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அதே கல்லை உப்புத் தண்ணீரில் விட்டால் ஜாடி சில நொடியில் பால் கலந்தது போல ஆகிவிடும். கல் மாறவில்லை, காற்று மாறவில்லை. உப்பு இருந்தால் குமிழிகள் ஒன்றோடொன்று மோதினாலும் ஒட்டிச் சேர மறுக்கின்றன. கடல் அலை உடையும்போது நுரை அவ்வளவு வெள்ளையாகவும் நெடுநேரமும் நிற்பதற்கும், ஏரியில் அடிக்கும் அலை அப்படி நிற்காததற்கும் இதில் பங்கு இருக்கிறது.

உண்மையான நுண்குமிழி வேண்டுமென்றால் துளையை நம்பாமல் வேறு வழிக்குப் போக வேண்டும். ஒரு வழி சோடா வழி: நான்கு முதல் ஆறு வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீரில் காற்றைக் கரைத்து, ஒரு வால்வு வழியாகச் சட்டென்று திறந்துவிடுவது. 30 முதல் 100 மைக்ரான் குமிழிகள் மேகம் போல எழும். குடிநீர் நிலையங்களிலும் காகித ஆலைகளிலும் அழுக்கை மிதக்கவைத்து வழிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். நம் டம்ளரில் நடந்ததும் இதன் குட்டி வடிவம்தான்: குழாயில் அழுத்தத்தில் கரைந்திருந்த காற்று, வெளியே வந்ததும் பிரிந்தது. இன்னொரு வழி சுழி: தண்ணீரை வேகமாகச் சுழலவிட்டு நடுவில் காற்றை இழுத்து, சுழற்சியின் உராய்வில் கிழித்துவிடுவது. ஜப்பானில் சிப்பி வளர்ப்பில் இந்த மாதிரிக் கருவிகளை இறக்கிப் பார்த்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் வில் ஸிம்மர்மன் குழுவினர், குமிழி ஊதி முடிக்கும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே வெட்டிவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். காற்றைத் தொடர்ச்சியாக அனுப்பாமல், அசையும் பாகம் எதுவுமே இல்லாத ஒரு சின்னக் கட்டை வழியாக, இந்தப் பக்கம் ஒரு துடிப்பு அந்தப் பக்கம் ஒரு துடிப்பு என்று மாற்றி மாற்றி விட்டார்கள். ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் அரைகுறையாக ஊதிய குமிழி கழன்றுவிடும். ஸ்கன்தோர்ப் ஊரின் இரும்பாலைப் புகைபோக்கியிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடை இப்படி நுண்குமிழியாக்கி, துனாலியெல்லா என்ற உப்புநீர்ப் பாசியை வளர்த்தும் காட்டினார்கள்.

ப்ளோயர் ஓடுகிறது, ஆனால்…

நுண்மையான குமிழியால் உலகம் மிச்சம் பிடிக்கும் காசில் பெரும்பகுதி கழிவுநீரில் இருக்கிறது. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீருக்குள் காற்றை விட்டு, அடியில் தங்கும் கிருமிச் சேற்றை வெளியேற்றாமல் அடுத்த தண்ணீருக்கும் பயன்படுத்தினால் சுத்திகரிப்பு பல மடங்கு விரைவாகிறது என்று காட்டினார்கள். இன்றைக்குச் சென்னையின் பெரிய நிலையங்கள் முதல் அடுக்ககத்தின் அடித்தளத்தில் உறுமிக்கொண்டிருக்கும் எஸ்.டி.பி. என்ற சின்னச் சுத்திகரிப்பு நிலையம் வரை பெரும்பாலானவை அந்த முறையின் வாரிசுகள்தான். கிருமிகள் அழுக்கைத் தின்கின்றன, அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். அந்தக் காற்றை அனுப்பும் ப்ளோயருக்கே நிலையத்தின் மின்சாரத்தில் பாதியோ அதற்கு மேலோ போய்விடுகிறது.

இங்கே வழக்கமாக இருப்பது ரப்பர் டிஃப்யூசர். தட்டு அல்லது குழாய் வடிவத்தில், ஊசியால் குத்தியது போல ஆயிரக்கணக்கான கீறல்கள் உள்ள ரப்பர் தோல். காற்று வந்தால் விரிந்து திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். இதிலிருந்து வருவது 1 முதல் 3 மி.மீ. குமிழி. இந்தத் தொழிலில் "ஃபைன் பபுள்" என்றால் இதுதான். மைக்ரான் கணக்கு வேறு உலகம். ஆனால் இந்த அளவே பெரிய லாபம். சுத்தமான தண்ணீரில், இப்படிப்பட்ட குமிழி ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் தன் ஆக்சிஜனில் சுமார் 6 சதவீதத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். 5 மீட்டர் தொட்டியில் 30 சதவீதம். துளையிட்ட குழாயிலிருந்து வரும் பெருங்குமிழி அதில் பாதிகூடக் கொடுக்காது. மீதி எல்லாம் மேலே வந்து வானத்தோடு போகும், நாம் அதற்கும் கரண்ட் பில் கட்டுவோம்.

உண்மையான கழிவுநீரில் இந்த எண்கள் கீழே இறங்கும். காரணம் சோப்பு. துணி துவைத்த, பாத்திரம் கழுவிய தண்ணீரில் உள்ள சோப்பு மூலக்கூறுகள் குமிழியின் தோலில் வரிசையாக ஒட்டிக்கொண்டு அதை விறைக்கவைத்துவிடும். வாயு தாண்டுவது கடினமாகும். நுண்மையான குமிழிக்கு இந்த அடி பெரிது. தூய நீரில் காட்டிய திறனில் பாதியோ அதற்கும் குறைவோதான் மிஞ்சும். அப்படியும் பெருங்குமிழியை விட அதுவே சிக்கனம்.

நாங்கள் குடியிருந்த அடுக்ககம் ஒன்றில் எஸ்.டி.பி. நாறத் தொடங்கியது. ப்ளோயர் ஓடுகிறது, சத்தம் கேட்கிறது, தொட்டியில் தண்ணீரும் கொதிக்கிறது, பிறகு என்ன குறை என்று பராமரிப்புக்கு வந்தவர் கேட்டார். கீழே இறங்கிப் பார்த்தபோது அந்தக் கொதிப்புதான் குறை என்று தெரிந்தது. நல்ல நிலையில் இருக்கும் தொட்டியின் மேல்மட்டம் முழுக்க ஒரே சீராக, சோடா ஊற்றியது போலப் பொரிந்துகொண்டிருக்கும். எங்கள் தொட்டியில் ஒரு மூலையில் மட்டும் அண்டாவில் வெந்நீர் கொதிப்பது போலத் தளதளவென்று பெருங்குமிழிகள், மீதி இடமெல்லாம் அசையாத கறுப்புத் தண்ணீர். ஒரு டிஃப்யூசரின் ரப்பர் கிழிந்திருந்தது. காற்று எப்போதும் சுலபமான வழியைத் தேடும். மற்ற டிஃப்யூசர்களை விட்டுவிட்டு எல்லாம் அந்தக் கிழிசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ரப்பரை மாற்றிய மூன்றாம் வாரம் நாற்றம் போனது. உங்கள் குடியிருப்பில் எஸ்.டி.பி. இருந்தால் ஒருமுறை மூடியைத் திறக்கச் சொல்லி மேல்மட்டத்தைப் பாருங்கள், மீட்டர் இல்லாமலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

குட்டைக்கு எது?

நுண்குமிழி இவ்வளவு நல்லது என்றால் இறால் குட்டையில் ஏன் இன்னும் பேடில் வீல் என்ற துடுப்புச் சக்கரம் சுற்றுகிறது? நியாயமான கேள்வி. பதில் ஆழத்தில் இருக்கிறது.

ஒரு ஏக்கர் குட்டை, 1.2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர். டி.ஓ.வை ஒரே ஒரு மில்லிகிராம் உயர்த்த கிட்டத்தட்ட 5 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அனுப்பும் காற்று முழுவதும் கரைந்தால் 18 கன மீட்டர் காற்று போதும். ஆனால் ஒரு மீட்டர் ஆழத்தில் டிஃப்யூசர் குமிழி ஐந்தாறு சதவீதம்தான் கரையும் என்பதால் 350 கன மீட்டர் அளவுக்கு ஊத வேண்டியிருக்கும். ஐந்து மீட்டர் தொட்டியில் கிடைத்த அவகாசம் இங்கே குமிழிக்கு இல்லை. பேடில் வீலோ தண்ணீரைத் துளிகளாக வாரி இறைத்துக் காற்றுக்குள் எறிகிறது, கூடவே குட்டை முழுவதையும் சுற்றிவரச் செய்கிறது, கழிவை நடுவில் கூட்டிவைக்கிறது. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பல காலம் குட்டை ஏரேட்டர்களைச் சோதித்த கிளாட் பாய்டு தொகுத்த அளவுகளில், தூய நீரில் பேடில் வீல் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 2 கிலோ ஆக்சிஜன் கரைத்தது. காற்றூதும் டிஃப்யூசர் வகைகள் ஒரு கிலோவை ஒட்டியே நின்றன. ஆழமில்லாத மண் குட்டைக்குப் பேடில் வீல்தான் என்பதே என் முடிவும். நுண்குமிழிக் கருவி பொருந்தும் இடம் வேறு: குஞ்சு பொரிப்பகம், சின்னத் தொட்டியில் நெருக்கமாக வளர்க்கும் முறை, உயிர்மீன் ஏற்றிச் செல்லும் வண்டி, நர்சரி. அங்கே சிலிண்டர் ஆக்சிஜனை விடும்போது ஒரு குமிழிகூட வீணாக மேலே வரக் கூடாது.

சிலிண்டர் ஆக்சிஜன் என்றதும் ஒரு எச்சரிக்கை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். காற்றுக் குமிழி தண்ணீரில் நெடுநேரம் இருந்தால் முதலில் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வெறும் நைட்ரஜன் மூட்டையாகத் திரியும். முழுவதும் கரைந்தால் அந்த நைட்ரஜனும் தண்ணீருக்குள்தான். அழுத்தத்தோடு அளவுக்கு மீறிக் கரைந்த வாயு, மீனின் செவுளிலும் இரத்தத்திலும் குமிழியாகப் பிரிந்து கொல்லும். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று அணைகளில் மதகு வழியாக விழும் தண்ணீர் காற்றை ஆழத்துக்கு இழுத்துப் போய்க் கரைத்ததால் சால்மன் மீன்கள் இப்படி மடிந்தன. கரைந்த மொத்த வாயு, தண்ணீர் இயல்பாகத் தாங்கும் அளவில் 110 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அங்கே விதி வந்ததன் பின்னணி அதுதான்.

வாயுப் பரிமாற்றம் இருவழிப் பாதை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு வெளியேற வேண்டும். அதற்கு ஏராளமான புதுக்காற்று தண்ணீரைத் தொட்டுவிட்டு வெளியே போக வேண்டும். நுண்குமிழியில் காற்றின் கொள்ளளவே கொஞ்சம், அதுவும் கரைந்து மறைந்துவிடும். அது எதைச் சுமந்து வெளியே போகும்? ஆக்சிஜன் ஏற்ற நுண்குமிழியும் கார்பன் டை ஆக்சைடு இறக்கப் பெருங்குமிழியும் என்று இரண்டையும் தனித்தனியாக வைப்பதே தண்ணீரைச் சுழற்றிப் பயன்படுத்தும் பண்ணைகளில் வேலைக்கு ஆகும்.

நானோ என்று சொன்னால்

இப்போது விளம்பரங்களில் நானோ குமிழி வந்துவிட்டது. சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2017-இல் பெயர்களை வரையறுத்தது: 100 மைக்ரானுக்குக் கீழே நுண்குமிழி, அதிலும் 1 மைக்ரானுக்குக் கீழே இருப்பது மீநுண்குமிழி, அதைத்தான் நானோ என்கிறார்கள். 0.1 மைக்ரான் குமிழிக்குள் பரப்பு இழுவிசை தரும் அழுத்தம் 29 வளிமண்டலம். எப்ஸ்டீன், பிளெஸட் இருவரும் 1950-இல் வெளியிட்ட கணக்கின்படி இப்படிப்பட்ட குமிழி ஒரு மில்லிநொடிகூட உயிரோடு இருக்கக் கூடாது. ஆனால் ஆய்வகங்களில் அந்த அளவுத் துகள்கள் வாரக்கணக்கில் தண்ணீரில் இருப்பதை அளந்திருக்கிறார்கள். தோலில் சேரும் மின்னூட்டம் தாங்கிப் பிடிக்கிறது என்கிறது ஒரு தரப்பு. அளந்ததில் ஒரு பகுதி குமிழியே இல்லை, எண்ணெய்த் துளியும் அழுக்குத் துகளும்தான் என்கிறது இன்னொரு தரப்பு. இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

வாதம் எப்படி முடிந்தாலும், "நானோ குமிழிகள் தண்ணீரில் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும்" என்று விற்பவர்கள் சொல்வதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாராளமாகவே வைத்துக்கொள்வோம்: ஒரு மில்லிலிட்டரில் 100 கோடி குமிழிகள், ஒவ்வொன்றும் 0.1 மைக்ரான், உள்ளே 30 வளிமண்டல அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன். ஆயிரம் லிட்டர் தண்ணீரில் இந்தக் குமிழிகள் எல்லாம் சேர்ந்து அடைக்கும் இடம் அரை மில்லிலிட்டர். அழுத்தத்தையும் கணக்கில் சேர்த்தால் அதில் இருக்கும் ஆக்சிஜன் 20 மில்லிகிராம். லிட்டருக்கு 0.02 மில்லிகிராம். விடியற்காலையில் 3-லிருந்து 5-க்கு ஏங்கும் குட்டைக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. அந்தக் கருவியைப் போட்டதும் டி.ஓ. ஏறுவது உண்மையாக இருக்கலாம். ஏற்றுவது அதோடு சேர்ந்து வரும் பெரிய நுண்குமிழிகளும், கூடவே இணைத்த சிலிண்டர் ஆக்சிஜனும். நானோ குமிழிக்கு வேறு பயன்கள் இருக்கலாம், ஆராயட்டும். மூச்சுக் கணக்கில் அதைச் சேர்த்து விலை சொன்னால் ஒரு விவசாயி ஏமாறுகிறார், எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

கருவியைச் சோதிக்க ஒரு பழைய முறை இருக்கிறது, கேட்டுச் செய்ய வையுங்கள். தொட்டி நிறையச் சுத்தமான தண்ணீர் எடுத்து, சோடியம் சல்ஃபைட் போட்டு ஆக்சிஜனை முழுவதும் நீக்குவார்கள். வேகம் பிடிக்கத் துளி கோபால்ட் உப்பு சேர்ப்பார்கள். மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வந்ததும் கருவியை ஓடவிட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை டி.ஓ. எழுதிக்கொள்வார்கள். பக்கத்திலேயே மின்சார மீட்டர். அரை மணி, ஒரு மணி நேரத்தில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ ஆக்சிஜன் கரைந்தது என்ற எண் கையில் இருக்கும். தண்ணீர் எவ்வளவு சூடு, எத்தனை ஆழம், நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு ஜாடிச் சோதனையில் பார்த்தது போல, உப்புத் தண்ணீரில் குமிழி சிறுத்தே நிற்கும்; அங்கே எடுத்த எண்ணைக் காட்டி நல்ல தண்ணீர்க் குட்டைக்காரரிடம் யாராவது விற்றுவிடக்கூடும்.